பாடியது யார், எழுதியது யார், பேசியது யார்? கச்சேரி முடிந்ததும் கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு மெல்லிசைக் குழுவில் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் மைக் பிடித்து அறிவிப்பு சொல்கிறவன் நான். ஆடி மாதம் பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் அம்மன் கோயில் திருவிழா, தை பிறந்தால் கல்யாண வரவேற்பு, நடுநடுவே மாம்பலம், மயிலாப்பூர் சபாக்கள். எங்கே போனாலும் கச்சேரி முடிந்து நாங்கள் ஒயரைச் சுருட்டும்போது யாராவது ஒருவர் சந்தேகத்தோடு வந்து நிற்பார். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். ஒரு பாட்டு நம் நினைவில் ஒரே ஒரு நடிகர் முகமாகத் தங்கிவிடுகிறது, அந்த முகத்துக்குப் பின்னால் வேலை செய்த நாலைந்து பேரின் பெயர் கலைந்து போய்விடுகிறது. அந்தப் பெயர்களைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அதனால் எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"சார், எம்ஜிஆர் பாட்டுன்னு சொல்றாங்களே, அவரே பாடினதா?"

இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள், கேட்பதில் தப்பே இல்லை. தியாகராஜ பாகவதர், பி.யு. சின்னப்பா காலத்தில் கதாநாயகன் என்றால் பாடத் தெரிந்திருக்க வேண்டும், அவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பாடினார்கள். அதற்கப்புறம் பின்னணி பாடுவது வழக்கமாகி, நடிக்க ஒருவர், பாட ஒருவர் என்று ஆனது. எம்ஜிஆருக்கு அதிகம் பாடியவர் டி.எம். சௌந்தரராஜன். 1954-ல் வந்த 'மலைக்கள்ளன்' படத்தின் 'எத்தனை காலம்தான் ஏமாற்றுவார்' பாட்டோடு அந்த ஜோடி மக்கள் மனதில் உட்கார்ந்துவிட்டது.

விதிவிலக்கும் உண்டு. சந்திரபாபு நடிக்கவும் செய்வார், தன் பாட்டைத் தானே பாடவும் செய்வார்.

"சிவாஜிக்கும் அவர்தான் பாடினாருன்னா ரெண்டும் ஒரே மாதிரி கேக்கணுமே, ஏன் வேற வேற ஆள் பாடுற மாதிரி இருக்கு?"

அங்கேதான் டி.எம்.எஸ். நிற்கிறார். 1965-ல் வந்த இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்: 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்ஜிஆருக்கு 'நான் ஆணையிட்டால்', 'திருவிளையாடல்' படத்தில் சிவாஜிக்கு 'பாட்டும் நானே'. முதலாவதில் குரல் கொஞ்சம் மூக்கொலி கலந்து, மேலே எழும்பி, நேராக வருகிறது. இரண்டாவதில் அடிவயிற்றிலிருந்து கனமாக வருகிறது. ஒரே வருடம், ஒரே தொண்டை! திரையில் நிற்கப்போகிறவர் எப்படிப் பேசுவார், எப்படி மூச்சு விடுவார் என்று பார்த்து அதற்கேற்பப் பாடியிருக்கிறார். எங்கள் குழுவில் பாட வரும் புதுப் பையன்களுக்கு இந்த இரண்டு பாட்டையும்தான் முதலில் கொடுப்பேன்.

ஆனால் சிவாஜிக்குத் தொடக்கத்திலிருந்தே டி.எம்.எஸ். பாடவில்லை. 1952-ல் வந்த முதல் படம் 'பராசக்தி'யில் அவருக்குப் பாடியவர் சி.எஸ். ஜெயராமன். டி.எம்.எஸ். வந்தது 1954-ல், 'தூக்குத் தூக்கி' படத்தில்.

"கல்யாண சமையல் சாதம் பாட்டு ரங்கா ராவ் சொந்தக் குரல்தானே? சிரிப்புகூட அவர் சிரிப்பு மாதிரியே இருக்கே!"

'மாயா பஜார்' படத்தில் வரும் இதைப் பாடியவர் திருச்சி லோகநாதன். பாட்டை எழுதியவர் தஞ்சை ராமையாதாஸ். எஸ்.வி. ரங்கா ராவின் உடம்பும் லோகநாதனின் குரலும் அவ்வளவு ஒட்டிப்போனதால்தான் இந்தச் சந்தேகமே வருகிறது, இது இரண்டு பேருக்கும் பெருமை.

'மாயா பஜார்' பற்றி இன்னொரு குழப்பமும் உண்டு. ஆந்திராவிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்களில் "அபிமன்யு நாகேஸ்வர ராவ்தானே" என்பார்கள், நம் ஆட்கள் "இல்லை, ஜெமினி கணேசன்" என்பார்கள். இரண்டுமே சரி. 1957-ல் கே.வி. ரெட்டி அதைத் தெலுங்கிலும் தமிழிலும் தனித்தனியாக எடுத்தார். கிருஷ்ணனாக என்.டி. ராமராவ், கடோத்கஜனாக ரங்கா ராவ், நாயகியாக சாவித்திரி ஆகியோர் இரண்டிலும் உண்டு, அபிமன்யு மட்டும் மாறினார். தெலுங்கில் சசிரேகா என்கிற பாத்திரம் தமிழில் வத்சலா. தெலுங்கில் அந்தச் சாப்பாட்டுப் பாட்டைப் பாடியவர் மாதவபெத்தி சத்யம்.

"ஜெமினி பாலத்துக்கு ஜெமினி கணேசன் பேரையா வச்சாங்க?"

இல்லை. அந்தப் பாலத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் அண்ணா மேம்பாலம், 1973-ல் திறந்தார்கள். ஜெமினி என்று நாம் சொல்வது அங்கே இருந்த ஜெமினி ஸ்டூடியோவால், எஸ்.எஸ். வாசனுடையது. இன்று அந்த இடத்தில் பெரிய ஓட்டல் நிற்கிறது, ஸ்டூடியோ போய்விட்டது, பேர் மட்டும் பஸ் கண்டக்டர் வாயில் இருக்கிறது. நடிகருக்கும் பேர் அதே இடத்திலிருந்துதான் வந்தது. கணேசன் அந்த ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர், 1947-ல் அவர்களுடைய 'மிஸ் மாலினி'யில் தலை காட்டினார். இன்னொரு கணேசன் ஏற்கெனவே சிவாஜி கணேசனாக இருந்ததால் இவர் ஜெமினி கணேசன் ஆனார். அந்தச் 'சிவாஜி' மேடையில் சிவாஜி வேடம் போட்டதற்காகப் பெரியார் கொடுத்த பேர்.

இரண்டு கணேசன்களும் சேர்ந்து நடித்த 'பாவ மன்னிப்பு' (1961) படத்தைக் கேட்டால் குரல் விஷயமும் தெளிவாகும். அதில் சிவாஜிக்கு டி.எம்.எஸ்., ஜெமினிக்குப் பி.பி. ஸ்ரீனிவாஸ். 'காலங்களில் அவள் வசந்தம்' ஜெமினிக்கானது.

"'மாதவிப் பொன்மயிலாள்' கண்ணதாசன் எழுதினதுதானே? பந்தயம் கட்டிட்டேன்."

பந்தயத்தில் தோற்றுவிட்டீர்கள், எழுதியவர் வாலி. 1967-ல் 'இரு மலர்கள்' படத்துக்கு எழுதியது. இலக்கிய வாசனையோடு, சிவாஜிக்கு, மெல்லிய காதல் என்றாலே கண்ணதாசன் என்று வைத்துக்கொள்வதால் வரும் தவறு இது.

தலைகீழாகவும் நடக்கும். எம்ஜிஆர் கையை உயர்த்திப் பாடும் கொள்கைப் பாட்டு என்றால் உடனே வாலி என்பார்கள். 'அச்சம் என்பது மடமையடா' கண்ணதாசன் எழுதியது, 1960-ல் 'மன்னாதி மன்னன்' படத்துக்கு. வாலியின் பெயர் ஊருக்கெல்லாம் தெரிய வந்ததே 1963-ல் 'கற்பகம்' படத்துக்குப் பிறகுதான், எனவே படத்தின் வருடத்தைப் பார்த்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். 'தூங்காதே தம்பி தூங்காதே' இருவருடையதும் இல்லை. அது பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், 'நாடோடி மன்னன்', 1958. அடுத்த வருடமே இருபத்தொன்பது வயதில் அவர் இறந்துபோனார். அந்தப் பாட்டை வேறு யார் பேரில் அறிவித்தாலும் எனக்கு மனசு ஆறாது.

"கண்ணதாசன் 1981-லேயே தவறிட்டார். 'கண்ணே கலைமானே' 82-ல வந்த படம். எப்படி அவர் எழுதியிருக்க முடியும்?"

பாட்டு முதலில் பதிவாகும், படம் பிறகு வெளியாகும், நடுவில் மாதக்கணக்கில் ஆகலாம். கவிஞர் 1981 அக்டோபர் 17-ல் சிகாகோவில் காலமானார். அதற்கு முன்பே எழுதிக் கொடுத்த பாட்டு அது, 'மூன்றாம் பிறை' 1982 பிப்ரவரியில் வந்தது. அவருடைய கடைசித் திரைப்பாடல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். மேடையில் அதை அறிவிக்கும்போது இதைச் சொன்னால் கூட்டம் பாட்டைக் கேட்கிற விதமே மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

"எஸ்பிபி முதல் பாட்டு எது? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றீங்க."

'முதல்' என்றால் பதிவானதா, வெளியானதா என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும் (போன பதிலில் சொன்ன அதே சங்கதி). தமிழில் அவர் முதலில் பாடிப் பதிவானது 'ஹோட்டல் ரம்பா' என்ற படத்துக்கு, எம்.எஸ். விஸ்வநாதன் இசையில், எல்.ஆர். ஈஸ்வரியோடு. அந்தப் படம் வெளியே வரவே இல்லை. மக்கள் காதுக்கு வந்தவை 1969-ன் பாட்டுகள்: 'அடிமைப் பெண்' படத்தின் 'ஆயிரம் நிலவே வா', 'சாந்தி நிலையம்' படத்தின் 'இயற்கை என்னும் இளைய கன்னி'. புகழ் கொடுத்தது எது என்று கேட்டால் மறுபேச்சே இல்லை, 'ஆயிரம் நிலவே வா'தான். அதை எழுதியவர் புலமைப்பித்தன், இசை கே.வி. மகாதேவன். பதிவு நேரத்தில் பாலு டைபாய்டில் படுத்துவிட, எம்ஜிஆர் வேறு ஆளைத் தேடாமல் காத்திருந்தார் என்பதை எஸ்பிபியே பல மேடைகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

"எண்பதுகள்ல வந்த நல்ல பாட்டெல்லாம் ராஜா சார்தானே?"

இல்லவே இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். இளையராஜா 1976-ல் 'அன்னக்கிளி'யோடு வந்தபின் அந்தப் பத்துப் பதினைந்து வருடங்களை ஆண்டார் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது, ஆனால் அதற்காக மற்றவர்கள் போட்டதையும் தூக்கி அவர் கணக்கில் எழுதுவது, பாவம், அந்தக் கலைஞர்களுக்குச் செய்கிற அநியாயம். 'நீல வான ஓடையில்' ('வாழ்வே மாயம்', 1982) கங்கை அமரன். அண்ணன் தம்பி என்பதால் குழம்புகிறார்கள். 'வசந்தம் பாடி வர' டி. ராஜேந்தர். ரஜினியின் 'மனிதன்', 'ராஜா சின்ன ரோஜா' இரண்டுக்கும் சந்திரபோஸ்தான்.

இணையத்தில் பாட்டை ஏற்றுகிறவர்கள் 'இளையராஜா ஹிட்ஸ்' என்று தலைப்புப் போட்டு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். அதைப் பார்த்து அடுத்தவர் எழுதுகிறார், அதைப் பார்த்து இன்னொருவர். சந்திரபோஸ் பேரைச் சொல்லி அறிவித்தால் "அப்படியா, அவரா?" என்று முன்வரிசையிலேயே சத்தம் கேட்கிறது.

"'மெல்லத் திறந்தது கதவு' மட்டும் எம்எஸ்வியா இளையராஜாவா? ரெண்டு பேரும் போட்டிருக்கே?"

இரண்டு பேரும்தான். 1986 படம். பாட்டுக்கான மெட்டுகள் எம்.எஸ்.வி. போட்டவை, வாத்திய அமைப்பும் பின்னணி இசையும் இளையராஜா. 'வா வெண்ணிலா'வைக் கேட்டால் இது புரியும், பாடுகிற வரியில் ஒருவர் தெரிவார், இடையிசையில் இன்னொருவர் தெரிவார்.

"விஸ்வநாதன் ராமமூர்த்தின்னு எப்ப சொல்லணும், வெறும் விஸ்வநாதன்னு எப்ப சொல்லணும்?"

1965 என்ற வருடத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். 1952-ல் 'பணம்' படத்திலிருந்து 1965-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' வரை இருவரும் இரட்டையர். அதற்குப் பிறகு தனித்தனி. மேலே சொன்ன 'நான் ஆணையிட்டால்', 'காலங்களில் அவள் வசந்தம்' இரண்டும் இரட்டையர் இசை, 'மாதவிப் பொன்மயிலாள்' எம்.எஸ்.வி. மட்டும். முப்பது வருடம் கழித்து 1995-ல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள். பழைய பாட்டுக்கு ராமமூர்த்தி பேரை விட்டுவிட்டு அறிவிக்கிறவர்கள் இன்றைக்கும் நிறைய, தயவுசெய்து விடாதீர்கள்.

"நீங்க 'ஆயிரத்தில் ஒருவன்'னு சொன்னதும் கார்த்தி படம்னு நினைச்சேன். பழைய படத்தோட ரீமேக்கா அது?"

பேர் மட்டும்தான் ஒன்று. 1965 படம் எம்ஜிஆர் கடல் கொள்ளையரோடு சேரும் கதை. 2010-ல் செல்வராகவன் எடுத்தது சோழர் வாரிசைத் தேடிப்போகும் வேறு கதை. 'பில்லா' அப்படி இல்லை: 2007 படம் 1980 ரஜினி படத்தின் மறு ஆக்கம், அந்த 1980 படமே 'டான்' என்ற இந்திப் படத்திலிருந்து வந்தது. 'நான் அவனில்லை' (1974, 2007) இரண்டும் ஒரே கதைதான். பாட்டு கேட்டு சீட்டு அனுப்பும்போது வருடத்தையும் எழுதிவிடுங்கள், கீபோர்டு வாசிப்பவர் உங்களை வாழ்த்துவார்.

"த்ரிஷா குரல் எவ்ளோ இனிமையா இருக்கு, அவங்களே ஏன் பாடக் கூடாது?"

நீங்கள் ரசித்தது 'விண்ணைத்தாண்டி வருவாயா' (2010), '96' (2018) என்றால் அந்தப் பேச்சுக் குரல் சின்மயியுடையது. '96'-ல் 'காதலே காதலே' பாடியவரும் அவர்தான். பாட்டுக்கு இரவல் குரல் உண்டு என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, வசனத்துக்கும் உண்டு என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கிறது. 'பம்பாய்' படத்தில் மனிஷா கொய்ராலாவுக்குப் பேசியவர் நடிகை ரோகிணி. தமிழ் தெரியாத நாயகி அழும்போது நாமும் அழுதோமே, அதில் பாதி ரோகிணி செய்தது.

ஆண்களுக்கும் நடந்திருக்கிறது. அஜித்தின் முதல் தமிழ்ப் படமான 'அமராவதி'யில் (1993) அவருக்குக் குரல் கொடுத்தவர் விக்ரம். 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் அவரே. கமல் படங்கள் தெலுங்குக்குப் போகும்போது கமலுக்குப் பல படங்களில் பேசியவர் எஸ்பிபி. பாடகர்கள் பேர் மேடையில் கேட்கிறது, டப்பிங் கலைஞர்கள் பேர் அங்கேகூடக் கேட்பதில்லை.

"விழா ஆரம்பத்துல போடுற தமிழ்த்தாய் வாழ்த்துக்கு சினிமாக்காரங்களா மியூசிக் போட்டாங்க?"

ஆம், எம்.எஸ். விஸ்வநாதன். பாட்டு சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகத்தில் (1891) இருந்து எடுத்தது, சில வரிகளை விட்டுவிட்டு 1970-ல் அரசு ஏற்றுக்கொண்டது. பாரதிதாசன் எழுதியது என்று சிலர் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு: புதுச்சேரியின் வாழ்த்துப் பாடல் அவருடைய 'வாழ்வினில் செம்மையைச் செய்பவள் நீயே'.

"இதையெல்லாம் நாங்களே எப்படிச் சரிபார்க்கிறது?"

படத்தின் டைட்டில் கார்டை நிறுத்திப் பாருங்கள், இசையமைப்பாளர் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் ஒரு படத்துக்கு மூன்று கவிஞர்கள் எழுதியிருந்தால் எந்தப் பாட்டு யாருடையது என்று கார்டில் இருக்காது. அதற்கு இசைத்தட்டின் உறையும், அந்தக் காலத்தில் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமும்தான் துணை. மூர் மார்க்கெட் பக்கம் பழைய தட்டுகள் இன்னமும் கிடைக்கின்றன. தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், பிடிவாதமாகத் தேடுகிறவர்கள் அங்கே போகலாம்.

"திருவிளையாடல்ல 'ஒரு நாள் போதுமா' அவ்ளோ பிரமாதமா இருக்கு. அப்புறம் ஹேமநாத பாகவதர் எப்படித் தோத்தாரு? எந்த ஜட்ஜ் சொன்னது?"

மயிலாப்பூரில் ஒரு பாட்டு வாத்தியார் அம்மா கேட்ட கேள்வி இது, எனக்கு மிகவும் பிடித்தது. ஹேமநாத பாகவதராக வரும் டி.எஸ். பாலையாவுக்கு அங்கே பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகத்தின் பேரைப் பாட்டு வரியிலேயே கோத்து, அந்தந்த ராகத்தில் பாடும் ராகமாலிகை, கண்ணதாசன் எழுதியது. தோற்கப்போகிறவனுக்கு இப்படி ஒரு பாட்டைக் கொடுத்த கே.வி. மகாதேவனின் துணிச்சல்தான் அந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்துகிறது, எதிராளி சாதாரணமாகப் பாடியிருந்தால் இறைவன் இறங்கி வரவேண்டிய அவசியமே இல்லையே.

கதையில் போட்டி நடக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் நாள் இரவு விறகு விற்கிறவராக வந்த சிவன் திண்ணையில் உட்கார்ந்து பாடுகிறார், தன்னை, பாகவதரோடு போட்டியிட வேண்டிய பாணபத்திரரிடம் பாட்டுக் கற்கப்போய்த் தள்ளப்பட்ட ஆள் என்கிறார். தள்ளப்பட்டவனே இப்படியென்றால் குரு எப்படியிருப்பார் என்று பயந்து பாகவதர் இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போய்விடுகிறார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலும் 'விறகு விற்ற படலம்' இப்படித்தான் போகிறது. அதனால் ஜட்ஜ் யாரும் இல்லை, அவரே அவருக்குத் தீர்ப்பு சொல்லிக்கொண்டார்.

"அதே படத்துல தருமிக்குக் கொடுக்கிற பாட்டு நிஜப் பாட்டா, படத்துக்காக எழுதினதா?"

நிஜப் பாட்டு. 'கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி' குறுந்தொகையின் 2-வது பாட்டு, பாடியவர் பெயர் இறையனார் என்று இருக்கிறது, அந்தப் பேரிலிருந்துதான் சிவனே எழுதினார் என்ற கதை வளர்ந்தது. தருமி கதை மேலே சொன்ன புராணத்திலேயே இருக்கிறது. 'நெற்றிக்கண் திறப்பினும் குற்றம் குற்றமே' என்ற அந்த வசனம் மட்டும் படத்துடையது. புராணத்தில் நக்கீரர், உடம்பு முழுக்கக் கண்ணானாலும் உம் பாடல் குற்றமே என்கிற பொருளில் பேசுகிறார், அது இன்னும் காரமாக இருப்பதாக எனக்குப் படுகிறது. அப்புறம், நக்கீரராக வருகிறவர் யார் என்றும் கேட்பார்கள்: படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜனே.

"அண்ணா, ரிசப்ஷன்ல 'நறுமுகையே' பாடச் சொன்னோம். எங்க தமிழ் மிஸ் அது சாவுப் பாட்டுன்னு சொல்றாங்க. நிஜமா?"

மிஸ் சொன்னதில் ஒரு பகுதி சரி. 'இருவர்' (1997) படத்துக்காக வைரமுத்து எழுதியதில் 'அற்றைத் திங்கள்' என்று வரும் சொற்கள் புறநானூறு 112-ல் இருந்து வந்தவை. அதைப் பாடியவர்கள் பாரியின் மகள்கள். மூவேந்தரும் பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்டு, பாரி இறந்த பிறகு, அந்தப் பெண்கள் நிலவைப் பார்த்துச் சொல்கிறார்கள்:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தரெம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

போன மாத நிலவில் அப்பா இருந்தார், மலையும் நம்முடையதாக இருந்தது. இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை. இவ்வளவுதான் பாட்டு. அழுகை என்ற சொல்லே இல்லாமல் இப்படி ஒரு துக்கத்தைச் சொல்ல முடியுமா என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் தோன்றும். வைரமுத்து அதிலிருந்து எடுத்தது 'அன்றைய நிலவு' என்ற நினைவை மட்டும், இழப்பை எடுக்கவில்லை.

அதே பாட்டில் 'யாயும் ஞாயும் யாராகியரோ' என்றும், செம்புலத்தில் சேர்ந்த நீர்த்துளி என்றும் வருகிறதல்லவா, அது குறுந்தொகை 40. என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார், நாம் எப்படி அறிமுகம், ஆனாலும் செம்மண்ணில் பெய்த மழைபோல நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று காதலன் சொல்லும் பாட்டு. பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் முதல்முறையாக ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதைவிடப் பொருத்தமாக என்ன பாட முடியும்? தாராளமாகப் பாடச் சொல்லுங்கள். உன்னிகிருஷ்ணன், பாம்பே ஜெயஸ்ரீ பாடியது, எங்கள் குழுவில் அதற்கு இரண்டு நாள் முன்னால் சொன்னால் நல்லது, ஒத்திகை பார்க்காமல் எடுக்கிற பாட்டு இல்லை அது.